சின்னக் கோப்பையில் சோறு

வேகமாகச் சாப்பிட நான் பழகியது பேசாலை முகாமில். 1990 ஜூனில் இலங்கையில் சண்டை மீண்டும் தொடங்கிய பின் வங்காலையில் இருந்த வீட்டை விட்டுப் புறப்பட்ட எங்கள் குடும்பம், அங்கங்கே தங்கி, கடைசியில் மன்னார்த் தீவின் வடகரையில் உள்ள பேசாலைக்கு வந்து சேர்ந்தது. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகராலயம் அந்த ஆண்டின் பிற்பகுதியில் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்திருந்தது. நிவாரண அட்டைக்கு அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி கிடைக்கும். அம்மா ஒரே சட்டியில் சோறும் பருப்பும் போட்டுக் கிண்டி இறக்குவார். சட்டியைச் சுற்றி நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் இருப்போம். மெதுவாகச் சாப்பிடுகிறவருக்கு இரண்டாவது அகப்பை வராது. வெடிச்சத்தம் கேட்டால் கையில் இருக்கிறதை வாயில் போட்டுக்கொண்டு எழும்பி ஓட வேண்டும். "கிடைக்கிற நேரம் வயிறு நிறையச் சாப்பிடு பிள்ளை. பின்னேரம் என்ன நடக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்பார் அம்மா.

அந்தப் பாடம்தான் எங்களைக் காப்பாற்றியது. முகாமை விட்டு வெளியே வந்து பேசாலையிலேயே ஒரு கொட்டில் போட்டுக்கொண்ட பிறகும் அது மாறவில்லை. அப்பா கடலுக்குப் போவதற்குப் பாஸ் வேண்டும், நேரக் கட்டுப்பாடு வேறு. வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளித்தால் தொழிலே இல்லை. கடலுக்குப் போன நாளில் வீட்டில் மீன் குவியும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அன்றைய மீனை அன்றே தின்ன வேண்டும். மிஞ்சினால் உப்புப் போட்டுக் கருவாடு. போகாத நாளில் தேங்காய்ப் பால் சொதியும் பாணும். ஆகவே நிறைய இருக்கிற நாளில் நிறையத் தின்பது எங்கள் வீட்டில் பேராசை ஆகாது. அது புத்திசாலித்தனம்.

2001இல் கலியாணமாகி மெல்பேர்ணுக்குப் போனேன். அங்கே ஒவ்வொரு நாளும் நிறைய இருக்கிற நாள். குளிர்சாதனப் பெட்டி எந்த நேரமும் நிரம்பியிருந்தது. என் கை மட்டும் முகாமில் பழகிய வேகத்திலேயே வாய்க்குப் போனது. வேலை முடிந்து இரவு வீடு திரும்பினால், பகல் முழுவதும் நின்ற களைப்பில் பெரிய கோப்பை நிறையச் சோறு போட்டு, என்ன ருசி என்று அறிவதற்கு முன்னரே முடித்துவிடுவேன். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது சீனி வருத்தம் வந்து, பிள்ளை பிறந்ததும் போனது. இரண்டாவது பிள்ளையோடு வந்த சீனி போகவில்லை. அடுத்த சில வருடங்களில் நிறை நூறு கிலோவைத் தாண்டியது. முழங்கால் நொந்தது. இரவில் மூச்சு அடைத்தது.

எங்கள் ஆட்களின் உடம்பைப் பற்றி மருத்துவர்கள் சொல்லும் விடயம் ஒன்றை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். உயரத்தையும் நிறையையும் சேர்த்துக் கணக்கிடும் உடல் நிறைச் சுட்டெண்ணில் 25க்கு மேல் போனால் கூடுதல் நிறை, 30க்கு மேல் உடற்பருமன் என்பது உலகப் பொதுக் கணக்கு. ஆசிய மக்களுக்கு அதற்கும் கீழேயே ஆபத்துத் தொடங்கிவிடுகிறது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துச் சொல்லி, 23ஐயும் 27.5ஐயும் கவனிக்க வேண்டிய எல்லைகளாகக் குறித்தது. வெள்ளைக்காரர் ஒருவருக்குச் சற்றுப் பருத்த உடம்பாக இருப்பது எங்களில் ஒருவருக்கு ஏற்கெனவே சீனி வருத்தமாக இருக்கலாம். எனக்குச் சுட்டெண் 38.

மெல்பேர்ண் அந்த நாட்களில் நிறை குறைப்பதற்கான இரைப்பை வளையத்துக்குப் பேர்போன நகரம். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி சிலிக்கன் வளையம் ஒன்றை மாட்டுவார்கள். வளையத்தின் உட்பக்கம் சிறிய பலூன் போல இருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் தைத்து வைத்த சிறு குமிழில் முடியும். அந்தக் குமிழுக்குள் ஊசியால் உப்புநீரைச் செலுத்தினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். இறுக்கித் தளர்த்தக்கூடிய வளையத்தை 1980களில் உருவாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்காவில் பணிபுரிந்த லூபோமிர் குஸ்மாக். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே அதை முதன்முதலில் பொருத்தியவர் எத்தியோப்பியாவில் பிறந்து பெல்ஜியத்தில் சத்திரசிகிச்சை நிபுணரான மிட்டிக்கு பெலாச்சூ, ஆண்டு 1993. மறு வருடமே மெல்பேர்ணில் போல் ஓ'பிறையனின் குழு இதைத் தொடங்கியது. அண்மையில் சீனி வருத்தம் கண்டறியப்பட்ட 60 பேரை இரண்டு பாதியாகப் பிரித்து அந்த நகரத்தில் செய்த ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. வளையம் பொருத்தியவர்களில் 73 சதவீதமானோருக்கு இரண்டு வருடங்களில் சீனி தணிந்திருந்தது. வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 13 சதவீதம். என் குடும்ப மருத்துவர் அந்த எண்களைக் காட்டிய நாளில்தான் நான் முடிவெடுத்தேன். 2009இல் எனக்கு வளையம் பொருத்தினார்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன் இரண்டு கிழமை மாப்பால் போன்ற பானம் மட்டும். ஈரலில் தேங்கிய கொழுப்புக் குறைந்தால்தான் வைத்தியருக்கு இரைப்பை எட்டும் என்றார்கள். பிறகு இரண்டு கிழமை தெளிவான சூப்பும் பாலும். அதற்குப் பின் மசித்த உணவு. ஒரு மாதம் கழித்து முதல் தடவை உப்புநீர் ஏற்றினார்கள். அப்போதுதான் வளையம் வேலை செய்யத் தொடங்கியது.

வளையத்துக்கு மேலே இருக்கும் இரைப்பைப் பகுதி இரண்டு மேசைக்கரண்டி அளவுகூட வராது. ஒரு கவளம் உள்ளே போனால், உணவுக்குழாய் அதை மெதுவாகத் தள்ளித் தள்ளி வளையத்தைத் தாண்டச் செய்ய வேண்டும். ஒரு நிமிடம் வரை எடுக்கும். அது தாண்டுவதற்கு முன் அடுத்த கவளத்தை அனுப்பக் கூடாது. ஒவ்வொரு தரமும் கவளம் வளையத்தை அழுத்திக் கடக்கும்போது, அங்கே உள்ள நரம்பு முனைகள் மூளைக்குப் போதும் என்று சொல்லி அனுப்புகின்றன. வழியை அடைத்து ஆளைப் பட்டினி போடுவதுதான் வளையத்தின் வேலை என்று வெளியில் பலர் நினைக்கிறார்கள். அதன் உண்மையான வேலை பசியைத் தணிப்பது. அரைக் கோப்பை உணவை இருபது நிமிடத்தில் மெதுவாகச் சாப்பிட்டால், நாலைந்து மணி நேரத்துக்குப் பசி வராது.

விதிகள் சிலவே. பெருவிரல் நகம் அளவு கவளம். பசையாகும் வரை மெல்ல வேண்டும். விழுங்கிய பின் கரண்டியைக் கீழே வைக்க வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. சோடா கூடாது. முதலில் மீன், முட்டை, பருப்பு, அடுத்து மரக்கறி, இடம் இருந்தால் சோறு. பிள்ளைக்குச் சோறு தீத்துகிற சின்னக் கரண்டியை நான் எனக்கு எடுத்துக்கொண்டேன். கையால் சாப்பிட்டால் என் விரல்கள் பழைய அளவில்தான் கவளம் பிடித்தன. அந்தக் கை முகாமில் பழகிய கை. அதற்குப் புதிய அளவைச் சொல்லிக் கொடுக்க மாதக்கணக்கானது.

விதியை மீறினால் உடம்பு அந்த இடத்திலேயே சொல்லிவிடும். நெஞ்சுக்கு நடுவில் கல் ஒன்று நிற்கிற மாதிரி வலி எழும். வாய் முழுவதும் உமிழ்நீர் ஊறி நுரையாகப் பொங்கும். உள்ளே போனது வெளியே வராமல், விழுங்கவும் முடியாமல், கதிரையை விட்டு எழும்பி நடக்க வேண்டியதுதான். சில நேரம் பத்து நிமிடம், சில நேரம் ஒரு மணி. சிக்கிய கவளம் கீழே இறங்கும் அல்லது மேலே வரும். தண்ணீர் குடித்து இறக்கலாம் என்று பார்த்தால் தண்ணீரும் அதன் மேல் தேங்கி நிற்கும்.

ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட முப்பது கிலோ இறங்கியது. சீனி மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தினார்கள். இரவு மூச்சு சீரானது. யுத்தம் முடிந்திருந்தது. 2010இல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போக முடிவெடுத்தேன்.

போகும் முன் வைத்தியர் வளையத்திலிருந்து கொஞ்சம் உப்புநீரை வெளியே எடுத்தார். நீண்ட விமானப் பயணத்தில் வளையம் இறுகியது போலத் தோன்றுவதாகப் பலர் சொல்வார்கள் என்றார். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருந்தது. ஊரில் வயிற்றோட்டமோ வாந்தியோ வந்து ஏதாவது சிக்கினால், வளையத்தைத் தளர்த்த அங்கே யார் இருக்கிறார்கள்? தோலுக்கு அடியில் உள்ள குமிழைச் சாதாரண ஊசியால் குத்தினால் அதன் மேல்மூடி சேதமாகிவிடும். அதற்கென்று முனை வளைந்த விசேட ஊசி வேண்டும். அப்படி ஓர் ஊசியும், வளையத்தின் வகையையும் அளவையும் எழுதிய கடிதமும் என் கைப்பையில் இருந்தன. மருந்துப் பெட்டியை விடக் கவனமாக அவற்றை வைத்திருந்தேன்.

அந்த ஆண்டு திறந்த புதிய பாலத்தால் கடல்நீரைக் கடந்து தீவுக்குள் போனோம். இரண்டு பக்கமும் உப்புக் காற்று. தெருவில் கழுதைகள். அதற்கப்பால் பனைகள். வீட்டு வாசலில் அம்மா என்னைக் கண்டதும் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் என் முகத்தைத் தடவிப் பார்த்தார். "என்ன பிள்ளை இப்பிடி மெலிஞ்சு போனாய்? அங்க உனக்குச் சாப்பாடு இல்லையே?" என்று கேட்டு அழுதார். மெல்பேர்ணில் எல்லோரும் வாழ்த்துச் சொன்ன உடம்பு. அம்மாவின் கண்ணுக்கு மெலிந்த உடம்பு என்றால் 1990தான்.

மதியச் சாப்பாட்டுக்கு அம்மா விடிய முன்னரே சமைக்கத் தொடங்கியிருந்தார். பாரை மீன் குழம்பு, நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல், இறால் பொரியல், முருங்கைக்காய், பருப்பு, சொதி. நான் வளர்ந்த காலத்தில் ஒரே நாளில் இவ்வளவும் அந்த அடுப்பில் ஏறியதே இல்லை. கோப்பையில் சோற்றை மலையாகக் குவித்து எனக்கு முன் வைத்தார். நான் ஒரு துண்டு மீனும் இரண்டு கரண்டி சோறும் சாப்பிட்டு, "காணும் அம்மா" என்றேன். அவர் அகப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "சரியில்லையே? உப்புக் கூடிப்போச்சே?" சத்திரசிகிச்சையைப் பற்றித் தொலைபேசியில் முன்னரே சொல்லியிருந்தேன். காதால் கேட்பது வேறு. கண் முன்னே மகள் சோற்றைத் தள்ளி வைப்பது வேறு. அன்றைக்கு அம்மாவும் சாப்பிடாமல் எழும்பிவிட்டார்.

அடுத்த நாட்களில் சொந்தக்காரர் வரத் தொடங்கினார்கள். குடலை வெட்டி எடுத்துவிட்டார்களாம் என்று கதை ஊர் முழுக்கப் போயிருந்தது. மாமி ஒருவர் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தோலுக்கடியில் கையில் தட்டிய குமிழுக்குச் சிலுவை அடையாளம் போட்டார். ஒவ்வொரு வீட்டிலும் விருந்து. போன இடத்தில் தேத்தண்ணியோடு கேக்கும் வாழைப்பழமும் சோடாவும் வரும். வேண்டாம் என்றால் கோபம், கொஞ்சம் எடுத்தால் இன்னும் கொஞ்சம். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் ஊரில் பலருக்கு நிவாரண வரிசையில் நின்ற நினைவு உண்டு. அப்படிப்பட்டவர்கள் விருந்தாளிக்கு முன் வைக்கிற கோப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று நினைப்பதில் என்ன பிழை? தங்களிடம் இப்போது இருக்கிறது என்பதை அவர்கள் அந்தக் கோப்பையால்தான் சொல்கிறார்கள்.

அம்மாவை மாற்றியது ஒரு காலைச் சாப்பாடு. காலையில் வளையம் கூடுதலாக இறுகியிருப்பது பலருக்கும் உள்ள அனுபவம். அன்று அம்மா அரிசிமாப் புட்டு அவித்திருந்தார். தேங்காய்ப் பூ குறைவு, புட்டு உலர்ந்து இருந்தது. இரண்டாவது கவளத்திலேயே நெஞ்சில் கல் நின்றது. கிணற்றடிக்கு ஓடினேன். நுரை பொங்கிக்கொண்டே இருந்தது. அம்மா பின்னால் வந்து முதுகைத் தடவினார்; தண்ணீர் கொண்டுவந்தார்; வேண்டாம் என்று கையால் காட்டினேன். சிக்கியது மேலே வர அரை மணிக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கழுவி வந்ததும், "எது இறங்கும், எது இறங்காது எண்டு ஒண்டொண்டாய்ச் சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு அம்மா படித்த படிப்பை எந்த உணவியலாளரும் படித்திருக்க மாட்டார். வெதுப்பகத்துப் புதுப் பாண் உள்ளே போனால் பிசினாக உருண்டு நிற்கும் என்று தெரிந்ததும், முதல்நாள் பாணை மெல்லியதாக வெட்டித் தணலில் மொறுமொறுப்பாக வாட்டித் தந்தார். சோறு குழைந்து கட்டியானால் சிக்கும். உதிரியாக, குழம்பு ஊறிக் கொஞ்சமாக இருந்தால் போகும். இடியப்ப நூல் சிக்கும். சொதியில் ஊறவிட்டு நசித்தால் இறங்கும். கணவாய் எவ்வளவு மென்றாலும் ரப்பர்தான், அதை நிறுத்தினார். கோழியின் நெஞ்சு இறைச்சியும் அப்படித்தான். பனங்கிழங்கின் தும்பு எனக்கு ஆகாது. புழுக்கொடியலை இடித்து மாவாக்கி, தேங்காய்ப் பூவும் கொஞ்சம் பனங்கட்டியும் சேர்த்து ஒரு கரண்டி தந்தார். மாம்பழத்தில் தும்பில்லாத சதை மட்டும். நுங்கு சும்மா வழுக்கிக்கொண்டு போகும்.

மீன்தான் எனக்கு வாய்த்த வரம். புரதம் முதலில் என்று மெல்பேர்ண் உணவியலாளர் திரும்பத் திரும்பச் சொல்வார். அங்கே புரதம் என்றால் காய்ந்த கோழித் துண்டு. பேசாலையில் விடியற்காலை கரைக்கு வந்த மீன் பத்து மணிக்கு அடுப்பில். புளி விட்டு அவித்த பாரை, விளை, கொய். முள் எடுக்க வேண்டியிருந்ததால் நான் தானாகவே மெதுவாகச் சாப்பிட்டேன். நண்டு அதைவிட நல்லது. ஓட்டை உடைத்து, சதையை நோண்டி, வாயில் வைக்கும்போது அடுத்த கவளத்துக்கு இரண்டு நிமிடம் ஆகிவிடும். கரண்டி சொல்லிக் கொடுக்காத பொறுமையை நண்டுக் கால் சொல்லிக் கொடுத்தது.

ஒடியல் கூழ் மட்டும் எங்களுக்குள் ஒரு வழக்காகவே இருந்தது. மீன் தலை, நண்டு, இறால், பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு எல்லாம் சேர்ந்து ஒடியல் மாவில் கரைந்து வரும் கூழ் எந்த வளையத்துக்குள்ளாலும் போகும். அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கோப்பை கோப்பையாக ஊற்றப் பார்த்தார். வளையத்தின் பலவீனம் அங்கேதான். திண்மமான உணவுக்குத்தான் அது நின்று போதும் என்று சொல்லும். கூழ், ஐஸ்கிறீம், சொக்லேட், இனிப்புத் தேத்தண்ணி எல்லாம் அதை ஏமாற்றிவிட்டுக் கீழே போய்விடும். வளையம் வைத்தும் நிறை குறையாதவர்களில் பலர் இந்த வழியால்தான் போனார்கள். கூழில் கிடக்கும் மீனையும் இறாலையும் காயையும் முதலில் எடுத்துத் தின்பது, சாற்றைச் சிறு கிண்ணத்தில் கடைசியாகக் குடிப்பது என்று ஒரு சமாதானத்துக்கு வந்தோம்.

ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்குப் போனோம். யுத்தத்துக்குப் பின் சனம் திரண்ட நாட்கள் அவை. மரங்களுக்குக் கீழே கூடாரம் போட்டு, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, சொந்தம் எல்லாம் ஒன்றாகச் சமைத்தோம். சோறு பரிமாறத் தொடங்கியபோது அம்மா எனக்கு முன் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து என் பிள்ளையின் சின்னக் கோப்பையையும் சின்னக் கரண்டியையும் எடுத்தார். மீன் துண்டு ஒன்று, கீரை கொஞ்சம், சோறு இரண்டு கரண்டி. சித்தி அகப்பையோடு வந்தபோது, "அவளுக்குக் காணும், விடு" என்றார். என்னைக் கேட்காமலே எனக்காகச் சொன்னார். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அதுதான். மெல்பேர்ணில் என்னைப் பார்த்த வைத்தியர், உணவியலாளர், தாதி யாராலும் தர முடியாத உதவி.

அம்மாவுக்கும் சீனி வருத்தம் இருந்தது. மாதம் ஒரு தடவை மன்னார் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார். அந்தத் தீவிலும் கரையிலும் அப்படி எத்தனை பேர் என்று அப்போது கணக்கில்லை. 2005க்கும் 2006க்கும் இடையில் இலங்கையில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வு, இருபது வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டது. யுத்தம் காரணமாக வடக்கையும் கிழக்கையும் அந்த ஆய்வில் சேர்க்க முடியவில்லை. 2018, 2019இல் நாடு முழுவதையும் எடுத்துச் செய்த ஆய்வில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ 23 சதவீதமானோருக்கு நீரிழிவு. பட்டினி கிடந்த கரைகளில் சீனி வருத்தம் பெருகுவது பலருக்கு விளங்காத காரியம். பஞ்ச காலத்தில் நிறையத் தின்னப் பழகிய வீடுகள், வெள்ளை அரிசியும் கோதுமை மாவும் சீனியும் குறையாமல் கிடைக்கும் காலத்திலும் அதே பழக்கத்தில் இருக்கின்றன. உடலுழைப்பு மட்டும் குறைந்துவிட்டது. கரைவலை இழுத்த ஆட்களின் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள்.

நான் இருந்த அந்த நாட்களில் அம்மாவும் என்னோடு சின்னக் கோப்பையில் சாப்பிடத் தொடங்கினார். எனக்குத் துணையாக என்றுதான் முதலில் சொன்னார். நான் விழுங்கிக் காத்திருக்கும் நேரம் அவரும் காத்திருப்பார். அந்த இடைவெளிகளில் நாங்கள் பேசினோம். வங்காலை வீடு, இறந்துபோன அப்பா, முகாமில் காய்ச்சலோடு நான் கிடந்த கிழமை. சட்டியைச் சுற்றியிருந்து விழுங்கிய வருடங்களில் எங்களுக்குள் பேசாமல் விட்டதெல்லாம் அந்தச் சாப்பாட்டு நேரங்களில் வந்தது. நான் திரும்பிப் போன பின்னும் அம்மா அந்தக் கோப்பையை விடவில்லை. கிளினிக்கில் சீனி குறைந்திருப்பதாகச் சொன்னார்கள் என்று தொலைபேசியில் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருக்கும்.

என் வளையம் நிலைக்கவில்லை. ஆறேழு வருடங்களுக்குப் பின் இரவில் படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு வந்தது, இருமல் நிற்கவில்லை. பேரியம் குடிக்கச் சொல்லிப் படம் எடுத்தபோது வளையத்துக்கு மேலே உள்ள இரைப்பை விரிந்திருந்தது. உப்புநீரை முழுவதும் எடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வளையத்தையே கழற்றினார்கள். இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. மெல்பேர்ண் குழு 3,227 பேரை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், பதினைந்து வருடம் போன பின்னும் கூடுதல் நிறையில் ஏறத்தாழப் பாதி திரும்பி வரவில்லை. அதே ஆய்வில் 26 சதவீதமானோருக்கு இரைப்பையின் மேல்பகுதி விரிந்ததால் மறுபடி சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. வளையம் முற்றாகக் கழற்றப்பட்டவர்கள் 5.6 சதவீதம். பிரசல்ஸ் நகரத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த மற்றொரு ஆய்விலோ கிட்டத்தட்டப் பாதிப் பேரின் வளையம் கழற்றப்பட்டிருந்தது. இப்போது உலகில் பெரும்பாலும் இரைப்பையின் ஒரு பெரும் பகுதியை வெட்டியெடுத்துக் குழாய் போல ஆக்கும் சத்திரசிகிச்சையைத்தான் செய்கிறார்கள். வளையம் பொருத்துவது மிகவும் அரிதாகிவிட்டது.

வளையம் போன பின் பசி திரும்பி வந்தது. நிறையில் ஒரு பகுதியும் வந்தது. முழுவதும் வரவில்லை. சின்னக் கரண்டியும் சின்னக் கோப்பையும் என்னிடம் இருக்கின்றன. விழுங்கிய பின் காத்திருக்கும் பழக்கம் இருக்கிறது. மீனும் கீரையும் முதலில், சோறு கடைசியில் என்ற ஒழுங்கு இருக்கிறது. என் பிள்ளைகளும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு வளையம் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. எட்டு வருடம் வயிற்றில் இருந்த சிலிக்கன் எங்கள் வீட்டுக்கு விட்டுப்போனது இதுதான். இது போதும் என்று நான் முழு மனதோடு சொல்வேன்.

நிறை குறைக்கும் சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிக்கிற எங்கள் ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெட்கப்பட எதுவுமில்லை, சோம்பேறிகளின் குறுக்கு வழி என்று சொல்பவர்களுக்கு அந்த உணவு ஒழுங்கின் கடினம் தெரியாது. எந்த வகைச் சத்திரசிகிச்சை என்றாலும், செய்கிற நாளைவிட அதற்குப் பின் வரும் வருடங்களைக் கேளுங்கள். நீங்கள் வாழும் இடத்தில் உங்களைத் தொடர்ந்து பார்க்க யார் இருப்பார்கள்? இரவு பத்து மணிக்கு வாந்தி நிற்காவிட்டால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள்? இரத்தச் சோதனையும் விற்றமினும் எவ்வளவு காலம்? இந்தக் கேள்விகளுக்கு மறுமொழி கிடைக்காத இடத்தில், எவ்வளவு மலிவாகச் செய்து தருவதாகச் சொன்னாலும் போகாதீர்கள்.

பரிமாறுகிறவர்களுக்கும் ஒன்று. நீங்கள் பட்ட பசியை மறக்கச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் இரண்டு கரண்டியோடு காணும் என்று சொன்னால், அவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அது சீனி வருத்தமாக இருக்கலாம், சத்திரசிகிச்சையாக இருக்கலாம், ஒன்றுமில்லாமல் வயிறு நிறைந்ததாகவும் இருக்கலாம். இரண்டாம் தரம் கேட்காமல் அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு பேசுங்கள்.